மூன்றாவது வாரத்துச் சிவப்பு

என் ஜோக்குகளுக்கு இரண்டு முறை சிரித்த ஒரே மாணவர் அவர்தான். முதல் முறை சிரித்தபோது ஜோக் புதிது. ஒரு வருடம் கழித்து அதே வகுப்பறை, அதே முன் பெஞ்சு, அதே ஜோக். அப்போதும் சிரித்தார், மரியாதைக்காக. அவரை அங்கே இரண்டாம் முறை கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான் என்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பாரிவாக்கம் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்காக சனி, ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் எம்.பி.ஏ. வகுப்பு அது. நான் அங்கே திட்ட மேலாண்மை நடத்துகிறேன். ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாக எப்படிப் பிரிப்பது, யார் தலையில் எதைக் கட்டுவது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பதெல்லாம் பாடம். இதைச் சொல்லித்தர எனக்கு என்ன தகுதி என்று என் மனைவியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆவடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கும் திட்டத்தை நான் கையில் எடுத்து நான்கு வருடமாகிறது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறோம்.

வகுப்பில் எல்லோரும் இருபத்தைந்துக்கு உள்ளே. அவருக்கு மட்டும் நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மண்ணூர்பேட்டையில் வீடு. இரவு ஷிப்டு முடிந்தால் நேராக வகுப்புக்கு வந்துவிடுவார், நீலச் சட்டையோடு. பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. பையன்கள் அவரை "அண்ணாத்தே" என்பார்கள். நான் வருகைப் பதிவில் பெயர் சொல்லியும் மற்ற நேரமெல்லாம் "அண்ணே" என்றும் கூப்பிடுவேன். அவருக்கு நான் எங்கேயும் எப்போதும் "சார்".

ஏன் இந்த வயதில் படிக்கிறார் என்று முதல் நாளே கேட்டேன்.

"மூணு இஞ்சினியருக்கு நான் வேலை கத்துக் குடுத்துகீறேன் சார். மூணு பேரும் இப்ப எனக்கு மேல. நாலாவது ஆளு வர்றதுக்குள்ள நானும் மேல போயிடணும்" என்றார். பையன்கள் சிரித்ததும், "ஆபீஸ் மாடிக்கு சார். வேற எங்கியும் இல்ல" என்று திருத்தினார்.

விஷயம் இதுதான். பட்ட மேற்படிப்பு இருந்தால் அசிஸ்டென்ட் மேனேஜர் பதவிக்கு அவர் பெயரை எழுதுவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். மார்ச்சில் பட்டியல் போடுவார்கள். அதற்குள் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும். வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டால் பட்டியலில் இடம் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு மார்ச்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. முடியாததை முடிந்தது என்றோ, முடியப்போகிறது என்றோ சொல்ல வராது.

நம் ஊரில் போனில் "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், குளித்துக்கொண்டிருப்பவனும் "கிளம்பிட்டேன், அஞ்சு நிமிஷம்" என்பான். நான் அப்படிப்பட்டவர்களின் தலைவன். அவரைக் கேட்டால், "இன்னும் கிளம்பல சார். சட்ட மாட்டிகினு கீறேன்" என்பார். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு எல்லா மாணவர்களையும் அழைத்தேன். பத்துப் பேர் "கண்டிப்பா வர்றோம் சார்" என்றார்கள். இரண்டு பேர் வந்தார்கள். அவர் அழைப்பிதழை வாங்கிப் படித்துவிட்டு, "வர மாட்டேன் சார். செகண்ட் ஷிப்டு" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். "எட்டு பிரியாணி வீணாப் போச்சு. அவர் ஒருத்தர்தான் நமக்கு நல்லது பண்ணியிருக்கார்" என்றாள் மனைவி.

ஒரு நாள் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வது பற்றிப் பாடம். ஒரு பையன் எழுந்து, "எங்க டீம் தொண்ணூறு பர்சென்ட் முடிச்சிட்டோம் சார்" என்றான்.

அவர் கையைத் தூக்கினார். "ஒரு டவுட்டு சார். தொண்ணூறு பர்சென்ட்னா இன்னா?"

"பத்துல ஒன்பது பங்கு முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்ணே."

"தொண்ணூறு பர்சென்ட் பிரேக்கு புடிக்கிற வண்டியில நீங்க ஏறுவீங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் அடுத்த பத்து ஸ்லைடுகள் சதவீதத்தைப் பற்றித்தான் இருந்தன. வேகவேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

அந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒரு திட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஐந்து ஐந்து பேராகக் குழு. அவர் குழுவுக்கு அவர்தான் தலைவர். மண்ணூர்பேட்டைப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில், விளக்கடியில் உட்கார்ந்து வாஷரையும் ஸ்பிரிங்கையும் பார்த்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு ஒரு கண் முகாம் நடத்தலாம் என்றார். "நாப்பது வயசு ஆனா கிட்ட இருக்கறது தெரியாது சார். தெரியலன்னு சொன்னா வேல போயிடும்னு தெரியற மாதிரியே உக்காந்துகினு இருப்பாங்க." டாக்டர்கள் பரிசோதிப்பார்கள், வெள்ளெழுத்துக் கண்ணாடி அங்கேயே இலவசமாகக் கொடுக்கப்படும். இருநூறு கண்ணாடி தருவதாக ஒருவர் போனில் ஒப்புக்கொண்டிருந்தார்.

வாரா வாரம் நிலை அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு நிறம். நேரத்தில் முடியும் என்றால் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். முடியாது, மேலிருந்து யாராவது தலையிட்டால்தான் உண்டு என்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் திட்டத்தின் பொறுப்பாளர் இறங்கி வந்து சரிசெய்ய வேண்டும். பொறுப்பாளர் நான். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். என்ன ஆனாலும் பச்சையே போடுவதும் உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

மற்ற குழுக்களின் அறிக்கையைப் பார்த்தால் காவிரி டெல்டா போல இருக்கும். அவர் மட்டும் சிவப்பு போட்டுக்கொண்டு வருவார். "அண்ணே, எஸ்டேட் சிக்னல்கூட ரெண்டு நிமிஷத்துல பச்சையாகிடும். நீங்க ஆகவே மாட்டீங்களா?" என்று வகுப்பில் ஓட்டுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஷிப்டில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் அறிக்கையைத் தாளில்தான் எழுதித் தருவார். நான்தான் அதைப் பார்த்துக் கல்லூரிக் கணினியில் ஏற்றுவேன். சிவப்புக் கட்டத்தை அவர் ஸ்கேல் வைத்துக் கோடு கோடாக நிரப்புவார். தாளின் பின்பக்கம் வரை சிவப்பு ஊறியிருக்கும்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்த தாளில், கண்ணாடிக்கு எதிரே அப்படி ஒரு கட்டம். பக்கத்தில்: 'கண்ணாடி வரவில்லை. தருகிறவர் எழுத்தில் தரவில்லை. முகாமை இரண்டு வாரம் தள்ள வேண்டும். சார் கையெழுத்து தேவை.'

முகாம் அடுத்த சனிக்கிழமை.

"அவர்தான் தர்றேன்னு சொல்லிட்டாரேண்ணே?"

"சொன்னாரு சார். சொன்னது வந்துச்சு. கண்ணாடி வரல."

"மஞ்சள் போடலாம்ல?"

"மூணு நாளா போன எடுக்க மாட்டேங்கறாரு. இது மஞ்சளா சார்?"

"சரி குடுங்க. நான் மேடத்துகிட்ட பேசறேன்."

மேடம் என்பது எங்கள் துறைத் தலைவர். மறுநாள் காலை நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார். கல்லூரியை ஆய்வு செய்ய வரும் குழு சனிக்கிழமை காலை மண்ணூர்பேட்டை முகாமையும் பார்க்கப் போகிறதாம். "எல்லாம் பச்சைதானே?" என்றார். அப்போது எனக்கு ஒவ்வொரு பருவமும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது.

"பச்சைதான் மேடம்" என்றேன். என்னைக் கேட்காமல் என் வாயே சொல்லிவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கணினியைத் திறந்து, அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்துப் பச்சையாக்கியது வாய் அல்ல.

பிறகு அவருக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம்.

"அண்ணே, தேதியைத் தள்ள முடியாது. கண்ணாடி வந்துடும். தொண்ணூறு பர்சென்ட்."

மெஷினை விட்டுத் தள்ளி வந்திருப்பார் போல, சத்தம் குறைந்தது. பிறகு, "அப்ப லேடீஸாண்ட சொல்லிடட்டா சார்? செக்கப்பு மட்டும்தான், கண்ணாடி அப்புறம்னு?"

"வேணாம்ணே. கூட்டம் வராது."

"சரி சார். நீங்க சொல்றீங்க" என்றார்.

கூட்டம் வந்தது. மண்டபம் கொள்ளாமல் நூற்று அறுபத்து நான்கு பெண்கள். டாக்டர்கள் பரிசோதித்து ஆளுக்கொரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வுக் குழு வந்து, வரிசையைப் படம் எடுத்து, காபி குடித்து, மேடத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனது. பன்னிரண்டு மணிக்குத்தான் முதல் குரல் எழுந்தது.

"இன்னா நைனா, கண்ணாடி எங்க? சீட்டக் குடுத்து அனுப்பறியே, சீட்டயா மூக்குல மாட்டிகினு வேல செய்யறது?"

"அர நாளு கூலிய வுட்டுட்டு வந்துகீறோம்பா."

"காலேஜுக்காரங்க போட்டோ புடிக்கத்தான் கூப்ட்டாங்க போலக்கீதுடி."

கடைசியாகச் சொன்னவர்தான் உண்மைக்கு மிக அருகே வந்தவர். குழுத் தலைவர் மேடைக்கு முன்னால் போய் நின்றார். மைக் பிடிக்கவில்லை. "கண்ணாடி வரல. தப்பு என்னுது. சீட்ட பத்திரமா வையுங்க. ஒவ்வொருத்தருக்கும் நானே கொண்டாந்து குடுக்கறேன்" என்றார். திட்டினார்கள். தெரிந்த முகங்கள், அவர் தெருக்காரர்கள் என்பதால் உரிமையோடு திட்டினார்கள். அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். பின்கட்டில் சமோசா எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் நூற்று எண்பது. சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறையும் எண்ணினேன்.

திங்கட்கிழமை ஒரு பட்டறை முதலாளி கல்லூரிக்குப் போன் செய்து கத்தினார். மேடம் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நான் எழுதினேன்: 'கண்ணாடி வராது என்ற ஆபத்தைக் குழுத் தலைவர் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை.' ஒன்பது சொற்கள். மளிகைச் சீட்டிலேயே மூன்று பிழை விடுகிறவன், அன்றைக்கு ஒரு ஒற்றெழுத்தைக்கூட விடவில்லை. கணினியில் மூன்றாவது வாரம் பச்சையாக இருந்ததால் என் வாக்கியத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் குழுவில் இருந்த நான்கு பேரும் பார்த்தது கணினியைத்தான். டிசம்பரில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஜனவரியில் முடிவு வந்தது. நான்கு பேரும் தேறினார்கள். தலைவர் மட்டும் அந்தப் பாடத்தில் தோல்வி. அடுத்த வருடம் வகுப்பில் உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும்.

முடிவு வந்த ஞாயிறு, ஆசிரியர் அறைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சார், மூணாவது வாரம் குடுத்தேனே, செவப்பு போட்ட பேப்பரு. அது உங்ககிட்ட கீதுல்ல? அத்த மேடத்தாண்ட காட்டுனா போதும் சார். மார்ச்சுக்குள்ள சரி பண்ணிடுவாங்க."

எதைக் கொடுத்தாலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எந்தப் பாடத்திலும் சொல்லித்தந்ததில்லை. சாரிடம் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இருந்துவிட்டார்.

"இருக்கும்ணே. தேடிக்கிட்டே இருக்கேன். பாதி தேடிட்டேன்."

"பாதி தேடறதுன்னா இன்னா சார்? கெடச்சுச்சா, கெடைக்கலையா?"

அவர் முன்னாலேயே மேஜை இழுப்பறையைத் திறந்து கிளறினேன். அலமாரியைப் பார்த்தேன். தோள்பையையும் திறந்து, இப்படியும் அப்படியுமாக நாலு தாளைப் புரட்டினேன். நடிப்பு நன்றாகவே வந்தது.

"கெடைக்கலண்ணே."

"சரி சார்" என்றார். பிறகு போய்விட்டார்.

தாள் பையில்தான் இருந்தது. வேண்டுமென்றே வைத்திருக்கவில்லை, பையைச் சுத்தம் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் இருக்கிறது என்று தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து போன். பட்டியலைப் பற்றித்தான் இருக்கும் என்று மூன்று அழைப்புகளை விட்டுவிட்டு நான்காவதை எடுத்தேன். "சார், தர்றேன்னவராண்ட அலஞ்சு அலஞ்சு வாங்கி, கண்ணாடி நூத்தி அறுவத்தி நாலும் குடுத்தாச்சு. டீ டைம்ல ஒவ்வொரு கம்பெனி கேட்டாண்டயும் போய்க் குடுத்தேன். ரெண்டு பேரு வேல மாறிட்டாங்க, ஊட்டுக்குப் போய்க் குடுத்துட்டேன். முடிஞ்சுது சார்." திட்டத்தின் பொறுப்பாளருக்கு முடிவறிக்கை தர வேண்டும் என்பது பாடத்தில் இருந்தது. அதைத்தான் தந்தார். நான், "சூப்பர்ணே" என்றேன். அதைவிட நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை.

ஆகஸ்டில் புது வகுப்பு. முன் பெஞ்சில் நீலச் சட்டை. வருகைப் பதிவில் அவர் பெயரை இரண்டு முறை வாசித்தேன். பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இடைவேளையில் கேட்டேன். "அந்தப் பதவி என்னாச்சுண்ணே?"

"மார்ச்சுல போட்டாங்க சார். நாலாவது ஆளு வந்துட்டாரு. நல்ல பையன். நான்தான் கத்துக் குடுக்கறேன்."

"அடுத்த மார்ச்?"

"ஆவணியில எனக்கு நாப்பத்தஞ்சு சார்."

"அப்புறம் எதுக்குண்ணே மறுபடியும் வந்து..."

"பாதியில நிக்குதே சார்" என்றார்.

பதினைந்து வாரம் அவர் முன்னால் நான் திட்ட மேலாண்மை நடத்தினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை பற்றி நடத்தினேன். பொறுப்பாளரின் கடமைகள் என்ற பாடத்தை, தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, ஒரு மாணவியை வாசிக்கச் சொன்னேன். அவர் புதிதாகக் கேட்பவரைப் போல எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டார். ஜோக் வரும் இடங்களில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

கடைசி வகுப்பில் அந்த மாணவிதான் எழுந்தாள். விவரமான பெண். "சார், போன வருஷம் கண் முகாம் ஒண்ணு சொதப்பிடுச்சாமே? எங்க அத்தையும் போயிருந்தாங்க. கண்ணாடி வரலன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதா சார்? யாரோட தப்பு அது?"

கையில் சாக்பீஸ் இருந்தது. வகுப்பு என்னைப் பார்த்தது. இவ்வளவு நல்ல கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. பதிலும் எனக்கு முழுக்கத் தெரியும். அதுவும் என் வகுப்பில் அபூர்வம். நான் ஒரு ஜோக்கைத் தேடினேன். வரவில்லை.

முன் பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் எழுந்து பின்பக்கம் திரும்பினார்.

"நாந்தாம்மா லீடரு. நான் கரெக்டா சொல்லல" என்றார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். "கிளம்பிட்டேன்" என்று ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத மனுஷன்.

"சரி, அடுத்ததுக்குப் போவோம்" என்றேன் நான்.

வகுப்பு முடிந்ததும் ஓடினேன். கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணே, ஒரு விஷயம். அந்தப் பேப்பர், மூணாவது வாரத்துது..."

"உங்க பையில இருந்துச்சு சார்" என்றார்.

தோள்பையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"அன்னிக்குப் பொரட்டுனீங்கல்ல, அப்பவே பாத்தேன். செவப்பு பின்னால வரைக்கும் தெரிஞ்சுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமேண்ணே. கையை விட்டு எடுத்திருக்கலாமே!"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் இல்லை. மெஷின் ஏன் நின்றது என்று பார்ப்பது போன்ற பார்வை.

"நீங்களே குடுப்பீங்கன்னு பாத்தேன் சார்."

ஷேர் ஆட்டோ வந்தது. "பூந்தமல்லி, பூந்தமல்லி!" என்று டிரைவர் கத்தினார். ஏற்கெனவே ஆறு பேர். அவர் குனிந்து ஏறி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, "வர்றேன் சார்" என்றார். ஆட்டோ ரோட்டில் இறங்கித் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மறைந்தது.

எனக்கு அழுகை வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். இனி என்னிடம் அந்தத் தாளைக் கேட்கப்போகிறவர் யாரும் இல்லை. முதலில் தோன்றியது அதுதான். கல்லூரி வாசலில் தனியாக நின்று நான் விட்ட நிம்மதிப் பெருமூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.